கம்பத்துக் காளை

சின்னக்கருப்புக்கு மூளை அதிகம் என்பதைத் தேனி வட்டாரத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவனும் ஒப்புக்கொண்டிருந்தான். அதுதான் வினை.

யுத்தம் தொடங்கிய வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு காலை, அவனுடைய மயிலைக் காளையைத் தொழுவத்தில் காணவில்லை. சந்தையில் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கட்டியிருந்த கயிறு நைந்து அறுந்து கிடந்தது.

"கத்தியால அறுத்தா தெரிஞ்சிரும்னு கல்லுல தேய்ச்சிருக்கான் களவாணி" என்றான்.

ஆற்று மணலில் காளையின் குளம்படி மட்டும் தெரிந்தது. மனுஷக் காலடி ஒன்றுகூட இல்லை. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. "முன்னால நடந்திருக்கான். மாடு மிதிச்சு அழிஞ்சிருச்சு."

மைத்துனன் செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தான். "மச்சான், தானாப் போயிருக்குமோ?"

"தானாப் போனா பழைய வீட்டுக்குல்ல போகும்? கம்பத்துக் காளைன்னு தரகன் சொன்னானே. இந்தத் தடம் கடமலைக்குண்டுப் பக்கம்ல போகுது. இதுகூடவா விளங்கலை?"

விளங்கிவிட்டது. நாலு பேர் கம்பெடுத்துக் கிளம்பினார்கள். தரகன் நாக்கில் பிறந்த ஊரை ஒருத்தனும் சந்தேகப்படவில்லை.

பதினைந்து மைல் தாண்டி, கடமலைக்குண்டுக்கு வெளியே ஒற்றை வீடு. மாட்டுக் கொட்டத்தில் காளை நின்றது, கொம்பில் எண்ணெய் பளபளக்க. பக்கத்தில் ராக்கப்பன் என்ற குடியானவன் கையில் அரிவாளோடு புல் அறுத்துக்கொண்டிருந்தான்.

"அய்யா, இது நான் வளத்த மாடு. பஞ்சத்துல வித்தேன். தானா வந்து நிக்குது. வாங்கினது யாருன்னு தெரியலை, வியாழக்கிழமை சந்தையில தரகனைக் கேக்கலாம்னு..."

"திருப்பித் தர்றவன் கொம்புக்கு எண்ணெய் போடுவானாடா?" என்றான் சின்னக்கருப்பு.

ராக்கப்பன் காளையைக் காட்டக் கையை நீட்டினான். அரிவாள் இருந்த கை. ஓங்குகிறவனை முந்திக்கொள்ள வேண்டும் என்பதும் புத்தியுள்ளவனுக்குத் தெரிந்ததுதானே? சின்னக்கருப்பின் கம்பு மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தத்தில் காளை மிரண்டு கயிற்றை இழுத்தது. அடுத்த அடி முழங்காலில். விழுந்தவனை மற்ற மூன்று பேரும் மிதித்தார்கள். மனைவி மொக்கம்மாள் ஓடிவந்து அவன் மேல் விழுந்தாள். முடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். "அய்யா, களவு இல்லைய்யா" என்று ராக்கப்பன் வாயில் ரத்தத்தோடு சொன்னான். குற்றமில்லாதவன் இப்படிக் கெஞ்சமாட்டான் என்று நினைத்துச் சின்னக்கருப்பு மண்டையில் ஒன்று போட்டான். கம்பு வழுக்கிக் கீழே விழுந்தது. அப்படியே விட்டுவிட்டுக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் ராக்கப்பன் செத்தான். களவாணி செத்தான் என்றது ஊர். போலீசும் அதையே எழுதிக்கொண்டு போனது. சின்னக்கருப்பு நிம்மதியாகத் தூங்கினான்.

இருபதாம் நாள் காளையை மறுபடி காணவில்லை. கயிறு அதே மாதிரி நைந்து கிடந்தது.

"வேற களவாணி மச்சான்!" என்றான் செல்லப்பாண்டி. சின்னக்கருப்பு அதே தடத்தில் வெறுங்கையோடு தனியே நடந்தான்.

கண்டமனூர் தாண்டியதும் காளை கண்ணில் பட்டது. அதன் முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. பாதை பிரிந்த இடங்களில் அது நின்று யோசிக்கவுமில்லை. நேரே அந்தக் கொட்டத்துக்குள் போய், காலித் தொட்டியில் மூக்கை வைத்தது. அவன் பின்னாலேயே வந்து கொட்டத்து வாசலில் நின்றான்.

மொக்கம்மாள் வெறுங்கழுத்தோடு வெளியே வந்தாள். காளைக்குக் கழுநீர் ஊற்றினாள். அவனைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு கம்பை எடுத்துவந்து நீட்டினாள். அதன் முனையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"அன்னைக்கு நீங்க விட்டுட்டுப் போனது. அடுத்தவுக பொருளை வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு அவுக சொல்லுவாக. வாங்கிக்கங்க."

அதை வாங்க அவனுக்குக் கை எழவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.