கறுத்த பட்டைகள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மருத்துவ உலகம் தன் தூண்களில் ஒன்றை இழந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூடத்தின் நடுவில் நின்று அப்படித்தான் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். தூண் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. இருபத்தொன்பது வருஷம் ஆட்டோகிளேவ் ஓட்டிய தூண் அது. கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் அழுத்த நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கி ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றது.

மகளின் கைப்பையில் புகார் மனு இருந்தது. அதே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன். ஐந்தாம் நாள் தையலில் சீழ், ஒன்பதாம் நாள் ஆள் இல்லை. கருவிகளைச் சரியாக வேகவைக்கவில்லை என்பது அவள் சந்தேகம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சாத குறை. "நம்ம மெஷின் இருக்கறப்போ கண்ட எடத்துல எதுக்கும்மா வயித்தக் காட்டணும்?" என்றார் அப்பா. வீட்டில் ஸ்பூனைக்கூடக் குக்கரில் மூன்று விசில் விட்டு எடுப்பவர். முதல்முறை கை குலுக்க வந்த மாப்பிள்ளைக்குச் சோப்பு இருக்கும் இடத்தைக் காட்டியவர்.

மனுவோடு இணைக்க ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அப்பாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். நெளிந்துபோன பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்று கிடைத்தது. அதன்மேல் வரிசையாக ஒட்டுப் பட்டைகள். அவளுக்கு அவற்றைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒவ்வொரு தடவையும் கருவி மூட்டையோடு ஒரு பட்டை மெஷினுக்குள் போகும். நீராவி பட்டால் அதன் கோடுகள் கறுக்கும். பிறகு அதை அத்தாட்சியாகப் பதிவேட்டில் ஒட்டுவார்கள். இங்கே நாற்பது பட்டைகளாவது இருக்கும். ஒன்றிலும் தேதியில்லை. எல்லாம் கறுத்திருந்தன.

சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டாள். அண்ணன் சிபாரிசில் சேர்ந்து, இப்போது அதே மெஷினை ஓட்டுகிறவர்.

"அண்ணன் வேலைதாம்மா. மெஷின் நல்லா ஓடற நாள்ல மொத்தமா வேகவெச்சு எடுத்து வெச்சுக்குவாரு. ரிப்பேரான நாள்ல நோட்டுல ஒட்டறதுக்கு."

அந்த நாளில் கத்தியெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள். வெந்நீரில் ஒரு முக்கு என்றார்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு?"

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். மெஷின் கதவு ரப்பர் கிழிந்து மூன்று வாரமாகிறது, எழுதிப் போட்டும் புதுசு வரவில்லை என்றார். ஓய்வு பெறும்போது அண்ணன் தனக்கும் இதே மாதிரி ரெண்டு ஷீட் கொடுத்துவிட்டுப் போனாராம். அதிலிருந்து ஒன்றைத்தான் அன்றைக்கு இவர் நோட்டில் ஒட்டினாராம்.

"அவரு ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரும்மா. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே, 'பட்டை கறுத்துச்சாடா'ன்னாரு. 'கறுத்துச்சுண்ணே'ன்னேன். பொய் சொல்லலியே."

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது பேச்சு முடிவுக்கு வந்திருந்தது. இருபத்தொன்பது வருடப் பதிவேட்டில் ஒரு நாள்கூடப் பட்டை விடுபட்டதில்லை என்று கண்காணிப்பாளர் காகிதத்தை மடித்தபடி சொன்னார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அழுதாள். மலர் வளையத்தைச் சாத்தும்போது அதிலிருந்த 'நேர்மையின் சிகரம்' அட்டை கழன்று விழுந்தது.

ஒட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் கண்காணிப்பாளர். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிலிம் இன்னும் கையில்தான் இருந்தது. ஒரு பட்டையை உரித்து அட்டையை வளையத்தில் வைத்து அழுத்தினாள்.

நன்றாகவே ஒட்டியது.