வெறும் ப்ளாஷ்

தொண்ணூற்றாறில் ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு நான் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கினேன். யாருக்கும் கீழே வேலை செய்யாத மனிதன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். முதல் கல்யாணத்திலேயே கை நடுங்கி, மாப்பிள்ளைக்கு நாலு கண் விழுந்துவிட்டது. இரண்டாவது கல்யாணத்தில் கதிரை மேல் ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கி, பெண்ணின் பக்கத்தில் நானே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு நடந்தது கல்முனையில் ஒரு நெல் ஆலையின் சீமெந்துத் தளத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு. பகலெல்லாம் அங்கே நெல் காயும். மாலையில் நாங்கள் உருண்டால் உமி உடம்பெல்லாம் ஒட்டி இரவு வரை அரிக்கும். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து பழக்கிய தனஞ்சயன் என்னைவிட எட்டு வயது இளையவர்; அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார். ஆளுக்கு ஆள் குனிந்து வணங்க எங்கள் மார்க்கத்தில் ஆகாது என்று முதல் நாளே சொன்னோம். "சரி நானா, நெஞ்சில கைய வைங்க. அடி வாங்கக்குள்ள எல்லாரும் தன்னால குனிவீங்க" என்றார்.

எட்டு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. வயிறு முழுதாக இல்லாவிட்டாலும் பாதி போனது. எல்லாவற்றையும்விட, எனக்கு மக்கீன் கிடைத்தான். நற்பிட்டிமுனையில் வயல் செய்கிறவன், என் ஜோடி. நான் வயிற்றுப் பயிற்சி செய்யும்போது என் பாதங்களின் மேல் உட்கார்ந்திருப்பான். அவன் குத்தினால் முஷ்டி என் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிடும். நான் குத்தினால் நிற்காது. அதற்கும் சிரிப்பான்.

அவன்தான் தங்கை ஹுஸ்னியாவின் கல்யாணத்தை எனக்குத் தந்தான்.

இங்கே என் தொழிலின் அசிங்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ப்ளாஷின் பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. ரோலில் முப்பத்தாறு படம்தான். கல்யாண வீட்டிலோ முந்நூறு பேர் "தம்பி, எங்களையும் ஒண்டு" என்பார்கள். எனக்கு முக்கியமாகத் தெரியாதவர்களுக்கு நான் பொத்தானை அழுத்திச் சிரிப்பேன். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு இரண்டாவது ரோலில் நாலு படம் மிச்சம். மாப்பிள்ளை புறப்படுவதற்கு அவை வேண்டும். அப்போது யாரோ இரண்டு பெரியவர்களை இழுத்துவந்து நிறுத்தினார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். சிரித்தேன். பிரியாணிச் சகன் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.

அவர்கள் மக்கீனின் வாப்பா மீராமுகைதீனும் சாச்சா அபுல் ஹஸனும். வாய்க்கால் தண்ணீர் முறையில் சண்டை பிடித்து நாலு போகமாகக் கதைக்காத அண்ணன் தம்பி. அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

அல்பம் கொடுத்த பிறகு மக்கீன் கேட்டான். "அந்தப் படம் எங்க மச்சான்?"

"நெகட்டிவ் லேபுல இரிக்கி."

அடுத்த வாரம் லேபில் மெஷின் பழுது. அதற்கடுத்த வாரம் லேப்காரனின் மாமி மௌத்து. அந்த மாமியை நான் இரண்டு தடவை சாகடித்தேன். ஒவ்வொரு தடவையும் மக்கீன் என் பாதங்களின் மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் எண்ணுவதை நிறுத்தினான்.

"வெள்ளிக்கிழம தண்ணி திறக்கிற. நேத்து ரெண்டு பேரும் வேலிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு ஏசின. படத்துக்கு நிக்கக்குள்ள தோள்ல நான்தான் முதல்ல கை வெச்ச, அவன் தட்டி உட்ட எண்டு வாப்பா செல்ற. இல்ல, நான்தான் வெச்ச எண்டு சாச்சா செல்ற. போன போகம் சாச்சா மண்வெட்டியத் தூக்கின. இந்த முற என்ன நடக்குமோ தெரியா. அந்தப் படத்த எடுத்துத் தா மச்சான்."

என் முதுகு சீமெந்தில் இருந்தது. எழும்பாமலே சொன்னேன்.

"படம் இல்ல. வெறும் ப்ளாஷ் அடிச்ச."

அவன் என் பாதங்களிலிருந்து இறங்கினான். "எங்கட வாப்பாவும் சாச்சாவும் ஒரு படத்துக்குப் பெறுமதி இல்லாத ஆக்களா?"

நான் எழும்பி உட்கார்ந்தேன்.

"சரி. கண்ணால கண்டாய்தானே? வந்து செல்லு."

உமியோடும் வெள்ளை உடுப்போடும் அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். வாப்பாவிடம் தனியாக 'நீங்கதான் வெச்ச' என்று சொல்லலாம். சாச்சாவிடமும் அதையே சொல்லலாம். இரண்டு பேரும் சந்தோஷப்படுவார்கள். நானும் நல்லவன் ஆகிவிடுவேன். சிரித்துக்கொண்டே செய்யலாம், பொத்தானை அழுத்துகிற வேலைதான்.

ஆனால் மக்கீன் சாச்சாவையும் வேலியருகே கூப்பிட்டுவிட்டான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படம் எடுக்காததைச் சொன்னேன். வாப்பாவின் முகம் சுருங்கியது.

"படம் போகட்டும். ஆரு முதல்ல கை வெச்ச? செல்லுங்க தம்பி" என்றார் சாச்சா.

இத்தனை மாதப் பயிற்சிக்குப் பிறகும் என் முழங்கால் இரண்டும் அடித்துக்கொண்டன.

"நான் பாக்கல்ல சாச்சா."

"பாக்கலியா? எங்களப் பாத்து சிரிச்சீங்களே!"

"நான் எல்லாருக்கும் சிரிக்கிற. அப்ப சோத்துச் சகனத்தான் பாத்த."

சாச்சா என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு தன் வளவுக்குள் போய்விட்டார்.

வாப்பா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கீன், அவன்தான்டா வெச்ச" என்றார்.

"வாப்பா?"

"அவன் கை வெச்ச ஒடன எனக்குக் கண் கலங்கின. படத்தில உழுந்திரிக்கும், ஊரெல்லாம் காணும் எண்டு வெக்கம். அதுதான் தட்டி உட்ட. மறுகா மாத்திச் செல்லிட்டன். படம் வரக்கூடா எண்டு நான் துஆக் கேட்ட நாளும் இரிக்கி."

"அப்ப போய் சாச்சாட்ட செல்லுங்க."

"என்னெண்டுடா செல்ற?" என்ற வாப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இப்ப செல்லக்குள்ள உங்கட கால் நடுங்கின. கண்டன்."

"ஓம் மாமா."

"நடுங்கி நடுங்கியே செல்லி முடிச்சீங்க."

செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது. அதையும் உதறிவிட்டு, வெறுங்காலோடு படலையைத் திறந்து தம்பியின் வளவுப் பக்கம் நடந்தார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

நானும் போவதா நிற்பதா என்று தெரியாமல் மக்கீனைப் பார்த்தேன். அவன் சைக்கிளைத் திருப்பி என் கையில் கொடுத்தான்.

"நாளைக்கி வகுப்புக்குக் கொண்டு வா" என்றான். "சைக்கிள."