சாக்கடைக்கு அடியில் ஒரு ஜாயின்ட்

பள்ளிவாசல் தெருவில் நான்காவது ஆளுக்கு மஞ்சள்காமாலை என்று கேள்விப்பட்டதுமே, பேரூராட்சி குழாய் பிட்டர் மலைச்சாமிக்கு இடம் தெரிந்துவிட்டது. தெருமுனையில் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்கு அடியில் போகும் இடம். இரண்டு மாதத்துக்கு முன்னால் செங்கல் லாரி ஏறி அங்கே குழாய் உடைந்தது. மாற்றிப் போட ஆபீசில் சாமான் இல்லை. தெருவே குடத்தோடு நின்றது. மலைச்சாமி சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டி, மண்ணைத் தள்ளி மூடினான். இரண்டு நாளைக்குத் தாங்கினால் போதும் என்று நினைத்தான். சாமான் கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தான். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அதற்குள் வேறு தெருவில் வேறு உடைப்பு.

தண்ணீர் ஓடும்போது பயமில்லை. உள்ளே இருக்கும் வேகத்துக்கு வெளியிலிருந்து எதுவும் நுழையாது. நிறுத்திய பிறகுதான் காலிக் குழாய் பக்கத்தில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும். அந்தத் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

அவன் வீடு பக்கத்துத் தெருவில், அதே குழாயில். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி சங்கிலியம்மாளிடம், "இனிமே தண்ணியக் கொதிக்க வச்சே குடிப்போம்" என்றான்.

"எதுக்கு?"

"காலம் சரியில்ல. சொன்னதச் செய்யி."

மறுநாள் காலையிலேயே செயல் அலுவலர் முன்னால் போய் நின்றான்.

"சார், பள்ளிவாசல் தெருவுல டியூப் சுத்துன ஜாயின்ட்ட உடனே மாத்தணும். அதுவரைக்கும் யாரும் குடிக்க வேண்டாம்னு மைக்ல சொல்லிரணும்."

அதிகாரி பைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டெண்டர் விட்டாச்சு, அடுத்த மாசம் மாத்திரலாம். அதுவரைக்கும் பிளீச்சிங் பவுடரக் கூடக் கொஞ்சம் போடு. மைக்ல சொன்னா நாளைக்குப் பேப்பர்ல வரும். அத டியூப் வச்சுக் கட்டுனது யாரு? முதல்ல உன் வேலைதான் போகும், பாத்துக்க."

பத்தொன்பது வருஷம் தினக்கூலியாக ஓடியவன். வேலை நிரந்தரமாகி இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தெருவில் வால்வைத் திறந்துகொண்டிருந்தபோது, அங்கே குடியிருக்கும் அம்சத் பீவி குடத்தை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றாள். மகள் ஹுஸ்னா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம்.

"ஏன் தம்பி, தண்ணி நல்ல தண்ணிதானா? ஊருக்குள்ள என்னென்னமோ சொல்றாக. வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா."

மலைச்சாமி வால்வுச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். முழுக்கத் திறந்த பிறகும் திருகினான்.

"நல்ல தண்ணிதான்க்கா. பயப்படாதீக."

அதைச் சொல்லிப் பதினெட்டு நாள். சங்கிலியம்மாள் கடையிலிருந்து வேகமாக வந்தாள்.

"அம்சத் பீவி அக்கா மகள தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. கண்ணெல்லாம் மஞ்சளாம். நெனவே இல்லையாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மலைச்சாமி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. சங்கிலியம்மாள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பின் மேல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

"நம்மள எதுக்குக் கொதிக்க வைக்கச் சொன்னீக?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சுகிட்டுத்தான இருந்தீக?"

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

விடிந்ததும் மலைச்சாமி ஆபீசுக்குப் போகவில்லை. கடப்பாறையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குப் போனான். வால்வை அடைத்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தான். ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் கூடிவிட்டது. குழாயைத் தூக்கி வெளியே வைத்தபோது டியூப் இற்றுப்போய்க் கையோடு வந்தது. குழாய்க்குள்ளிருந்து கறுப்பாகச் சகதி வடிந்தது. முன்னால் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது நான் கட்டுனது" என்றான். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னான். "நான் கட்டுனது. இருபது நாளா எனக்குத் தெரியும். இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீக."

ஹுஸ்னாவின் அண்ணன் ஷானவாஸ் அப்போதுதான் தேனியிலிருந்து துணிமணி எடுக்க வந்திருந்தான். குழிக்குள் இறங்கி மலைச்சாமியின் சட்டையைப் பிடித்து அறைந்தான். இரண்டாவது அறையில் மலைச்சாமி சகதியில் விழுந்தான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஆட்கள்தான் இழுத்து விலக்கினார்கள்.

மத்தியானத்துக்குள் லாரித் தண்ணீர் வந்தது. மாதக்கணக்கில் இல்லாத சாமான் சாயங்காலம் வந்தது. அதோடு மலைச்சாமிக்கு ஓலையும் வந்தது: அனுமதியில்லாமல் சாலையை உடைத்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். ஜாயின்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் தேனி பஸ் ஏறினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்சத் பீவி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஹுஸ்னா பிழைத்துக்கொண்டாள். பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஷானவாஸும் மற்ற ஆண்களும் அதை அடக்கம் பண்ணப் போயிருந்தார்கள்.

மலைச்சாமி தூணோரமாக நின்றான். அம்சத் பீவி அவனைப் பார்த்தாள். பிறகு வார்டு வாசலையே பார்த்தாள். நர்ஸ் வெளியே வந்து ஒரு சீட்டைக் கொடுத்து, மருந்து உடனே வேண்டும் என்றாள். அம்சத் பீவி சுற்றிலும் பார்த்தாள். வேறு ஆள் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே சீட்டை அவன் பக்கமாக நீட்டினாள்.

மலைச்சாமி அதை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஓடினான். வரிசை நீளமாக இருந்தது. கடைசியில் போய் நின்றான்.