பிஷப் உட்கார மறுத்த கிண்ணங்கள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜூடித் செய்யும் பீங்கான் கிண்ணங்களுக்கு நீதிபதி ஒரு பூனை. பெயர் பிஷப். கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை; வேறு என்ன பெயர்தான் வைப்பது? முதல் சூளையில் வெந்து வந்த கிண்ணத்தை ஜூடித் தரையில் வைப்பாள். பிஷப் முகர்ந்து பார்த்து, உள்ளே இறங்கிச் சுருண்டு படுத்தாரானால் வளைவு சரி. மெருகு பூசி இரண்டாம் சூளைக்கு அனுப்புவாள். படுக்காவிட்டால் பின்கட்டில் சுத்தியலடிதான். எட்டு வருஷமாக இதுதான் சட்டம். கலைக் கல்லூரி வாத்தியார்களைக்கூட அவள் இவ்வளவு நம்பியதில்லை.

1996 ஆகஸ்டில், ஐம்பத்திரண்டு வயதில், அவளுக்கு முதல் தனிக் கண்காட்சி அமைந்தது. சனிக்கிழமை திறப்பு. நட்டநடுவில் வைக்க ஒரு பெரிய கிண்ணம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து பிஷப் முரண்டு பிடித்தார். முன்னங்காலை வைத்தார், பின்னங்காலை வைத்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், வெளியே வந்து கோணிப்பையில் படுத்துக்கொண்டார்.

இப்படி நான்கு கிண்ணங்கள் உடைந்தன. எப்போதும் செய்கிற அதே அளவு, அதே மண். தன் கைதான் போய்விட்டது என்று ஜூடித் முடிவுகட்டினாள். இந்த வயதில் எதற்கு நமக்குக் கண்காட்சி என்று சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாவது கிண்ணத்தையும் பிஷப் நிராகரித்தார். ஜூடித் சுத்தியலை ஓங்கியபோது மாடி வீட்டு ஜெயலக்ஷ்மி படியிறங்கி வந்தாள்.

"என்ன ஜூடித், தெனம் மத்யானம் டமால் டமால்னு? எங்காத்துக்காரர் கண்ணசர முடியல." சொல்லிக்கொண்டே கோணிப்பையைப் பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது. "அடே கண்ணா, இங்கயா இருக்கே? சாதம் ஆறிப்போச்சேடா!"

"என்ன சாதம்?"

"பருப்பு சாதம். ரெண்டு மாசமா வரான். நெய் விடலைன்னா மூஞ்சியத் திருப்பிண்டுடுவான். அப்புறம் ஸ்வல்ப தயிர்."

ஜூடித் சுத்தியலைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தையல் டேப்பை எடுத்துவந்து பிஷப்பின் இடுப்பைச் சுற்றினாள். பிறகு கிண்ணத்தின் வாயை அளந்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க காலைல ஒரு தட்டு மீன் சாப்பிட்டுட்டுதான் அங்க வந்திருக்காரு ஜெயா. நான் நாலு நல்ல கிண்ணத்த ஒடச்சிட்டேன்."

"அய்யோ! நெய்யை நிறுத்திடட்டுமா?"

ஜூடித் ஐந்தாவது கிண்ணத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடி, உள்வளைவில் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாள். எங்கும் தடுக்கவில்லை.

"நல்லாருக்கு," என்றாள். எட்டு வருஷத்தில் தன் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பயமாக இருந்தது. இருந்தாலும் அன்றே மெருகு பூசினாள்.

சனிக்கிழமை காலை கரும்பச்சையாகப் பளபளத்த கிண்ணத்தை வைக்கோலில் பொதியும்போது பிஷப் வந்தார். முகர்ந்தார். முன்னங்காலைத் தூக்கினார்.

"போங்க ஐயா," என்று ஜூடித் அந்தக் காலைப் பிடித்துத் தரையில் வைத்தாள். "இத நான் பாத்தாச்சு."

பிஷப் அவளைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். நெய் நிற்கவில்லை.