மேலேயே ஒட்டிக்கொண்ட பழைய ரிங்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ், திருக்கழுக்குன்றத்தில் குறுக்கே வந்த மாட்டுக்காக நின்றது. சாலையோரம் ஒரு பிக்கப் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. முழங்கை வரை டீசலோடு ஒரு பெண், ஆள்காட்டி விரலில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை மாட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள். எதிரே ஒரு ஆண். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. மாடு நகர்ந்தது, பஸ்ஸும் நகர்ந்தது. என் கைமுதல் அவ்வளவுதான். மீதி எல்லாம் நானே கட்டியது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அந்த வளையம் என்ன என்பது மட்டும் மண்டையைக் குடைந்தது. என் காரைப் பார்க்கும் மெக்கானிக் ஏசுபாதத்திடம் கேட்டேன்.

"அதுவா மேடம்? டீசல் பில்டர் கழட்டும்போது பழைய ரிங்கு சிலசமயம் மேலயே ஒட்டிகினு நின்னுடும். பாக்காம புது பில்டரை அது மேலயே ஏத்திடுவானுங்க. ரிங்கு மேல ரிங்கு. காத்து பூந்துகினே இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆவும், நின்னுடும். நாள் பூரா பேஜாருதான்."

எனக்கு இது போதும் என்று தோன்றியது.

2

[முதல் தொடக்கம்: "ஜெய்புன்னிசாவின் கையில் மசாலா வாசனைக்குப் பதில் இன்று டீசல் வாசனை—" வேண்டாம். ஒரு பெண் வண்டியைத் தொட்டதும் சமையலறையை இழுத்துக்கொண்டு வருவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.]

[இரண்டாம் தொடக்கம்: "கழுகுகள் வட்டமிடும் மலைக்குக் கீழே—" இதுவும் வேண்டாம். திருக்கழுக்குன்றம் என்றால் கழுகைக் காட்டியே தீரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.]

நேராகவே சொல்கிறேன். முனீருக்கும் அவன் மனைவி ஜெய்புன்னிசாவுக்கும் இருப்பது ஒரே ஒரு டீசல் பிக்கப். மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளின் அழுக்குப் படுக்கை விரிப்புகளைச் செங்கல்பட்டுச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய், வெளுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பிழைப்பு. இத்தனை வருஷம் ஓட்டியது முனீர். மூட்டை கட்டி ஏற்றி இறக்கியது ஜெய்புன்னிசா. சர்க்கரை வியாதி முனீரின் கண்ணில் கைவைத்தது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெய்புன்னிசா யாரையும் கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி வந்து நின்றாள்.

"நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல குந்திகினு வாங்க."

"பொண்டாட்டி ஓட்ட, நான் பொம்மை மாதிரி குந்திகினு வரணுமா? ஊரே சிரிக்கும் ஜெய்பு. வண்டியை வித்துட்டு வேற இன்னாவாச்சும் பாக்கலாம்."

வாய்ச்சண்டை வளர்ந்து ஒரு பந்தயத்தில் வந்து முடிந்தது. கருங்குழியிலிருந்து பன்னீர்செல்வம் என்கிற வண்டி வியாபாரி வெள்ளிக்கிழமை வருகிறான். ஒரு வாரமாக மேட்டில் ஏறும்போது இருமிக்கொண்டிருக்கும் வண்டி அதற்குள் சரியாக ஓடினால், சாவி ஜெய்புன்னிசாவுக்கு. ஓடாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும்.

பில்டர் அடைப்புதான், சின்ன வேலை. நானே மாற்றுகிறேன் என்றான் முனீர். வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டெதிரே சாலையோரம் வண்டியை நிறுத்தி மாற்றினான். பழையதைக் கழற்றியதும், வழக்கம்போல ஆள்காட்டி விரலை மேலே விட்டு ஒரு சுற்றுத் தடவினான். புதியதில் டீசல் நிரப்பிக் கையால் முறுக்கினான். ஜெய்புன்னிசா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

(வண்டியின் இடப்பக்கக் கதவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். அதன் வெளிக் கைப்பிடி உடைந்து பல வருஷம் ஆகிறது. உள்ளே இருந்துதான் திறக்க முடியும். முனீர் ஒவ்வொரு தடவையும் டிரைவர் சீட்டிலிருந்து சாய்ந்து, கையை நீட்டி, அவளுக்குத் திறந்துவிடுவான். அந்தக் கைப்பிடியை மாற்றச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.)

3

வெள்ளிக்கிழமை காலை ஜெய்புன்னிசா பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினாள். வண்டி பிடித்தது, உறுமியது, அணைந்தது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் அணைந்தது. இறங்கிப் போய், டீசலை ஏற்றிக் காற்றை வெளியேற்றும் கை பம்பை அடித்தாள். நாலு அடியில் இறுக வேண்டிய பம்ப், எத்தனை அடித்தாலும் சொதசொதவென்று அமுங்கிக்கொண்டே இருந்தது.

"காத்து பூந்துட்ச்சு," என்றான் முனீர். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"எங்கேந்து பூந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? பழைய வண்டி. வுடு ஜெய்பு."

அவள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளர் கொதித்தது, துப்பட்டா முனையில் பிடித்து நீட்டினாள். அவன் வெறுங்கையால் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் போன் அடித்தது. பன்னீர்செல்வத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "அண்ணாத்த, படாளம் தாண்டி வந்துகினு கீறேன். வண்டி ஓடலன்னாலும் கவலைப்படாதே. கட்டி இழுத்துகினு பூடறேன்."

ஜெய்புன்னிசா பம்பை இன்னும் நாலு தடவை அடித்துப் பார்த்தாள். பழகும்போது கடற்கரைச் சாலையில் முதன்முதலாக நாலாவது கியரைப் போட்டாளே, அன்றைக்கு வந்த சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்று கூட வந்ததில்லை. வண்டி போய்விட்டால் சலவைக்கூடத்தில் கூலிக்கு விரிப்பு மடிக்க வேண்டியதுதான். அவள் வாழ்க்கை முழுக்க ஏற்றியதையும் இறக்கியதையும் வேறு யாரோ ஓட்டிக்கொண்டு

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. எழுதினால் பிடிக்கிறது, உறுமுகிறது, அணைகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். முதல் வரைவில் முனீர் வில்லன். ரிங் ஒட்டியிருப்பது தெரிந்தே விட்டுவைத்தான். எழுதச் சுலபமாக இருந்தது. நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்திருப்பீர்கள். ஆனால் இத்தனை வருஷம் சாய்ந்து சாய்ந்து கதவு திறந்துவிட்டவன் அந்த வேஷத்துக்குள் நுழையவே மாட்டேன் என்றான். கிழித்துப் போட்டேன். இரண்டாம் வரைவில் அவன் நல்லவன். பாவம், கண் மங்கல், ரிங் தெரியவில்லை.

இப்போது இரண்டாம் பகுதிக்குப் போய் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். "வழக்கம்போல ஆள்காட்டி விரலை மேலே விட்டு ஒரு சுற்றுத் தடவினான்." அது முதல் வரைவின் வாக்கியம். அதை எடுக்காமல் அதன் மேலேயே நல்ல முனீரை முறுக்கிவிட்டேன். தடவிப் பார்ப்பவனுக்குக் கண் எதற்கு?

ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். அடிக்க மாட்டேன். ஜெய்புன்னிசா வாசலில் நின்று பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அழிக்க நான் யார்?

5

"பில்டரைக் கழட்டப் போறேன்."

"நேத்துதானே மாட்டினேன்? அதை ஏன் தொடறே?"

அவள் பானெட்டுக்குள் குனிந்தாள். டீசல் முழங்கை வழியே ஒழுக ஒழுகக் கழற்றினாள். நேற்று அவன் விரல் போன வழியிலேயே தன் விரலை விட்டாள். ஒரு சுற்று. விளிம்பில் ஏதோ தடித்தது. நகத்தால் நெம்பி இழுத்தாள். பழைய ரிங் விரலோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் மாட்டுக்காக நின்றது. ஜன்னலோரம் யாரோ ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இதுகளுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா என்று ஜெய்புன்னிசா எரிச்சல்பட்டாள்.

"பழைய ரிங்கு மேலயே கீது."

முனீர் எழுந்து வந்தான்.

"நேத்து வெரலு வுட்டுப் பாத்தீங்களே?"

"பாத்தேன் ஜெய்பு. ஒண்ணும் தட்டுப்படலியே."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். எனக்குக் கிடைத்தது முதுகு.

பில்டரைத் துடைத்து, டீசல் ஊற்றி, கையால் முறுக்கினாள். பம்ப் நாலே அடியில் கல்லாக இறுகியது. சாவியைத் திருப்பினாள். வண்டி பிடித்தது. அணையவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, வண்டி ஓடுகிறது. பன்னீர்செல்வம் வந்து பார்த்து, சத்தத்தைக் கேட்டு, "ஓடுதா? அப்ப எனக்கு இன்னா வேலை?" என்று தன் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான்.

6

அவன் தெரிந்தே விட்டானா? இல்லை, சர்க்கரை கண்ணோடு நிற்காமல் விரல் நுனியையும் மரக்க வைத்துவிட்டதா? கொதிக்கும் டம்ளரை அவன் பிடித்திருந்ததை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? எழுதும்போது எனக்கே அது எதற்கென்று தெரியாது. விரல் மரத்ததை அவனே இன்னும் அறியாமல் இருக்கலாம். டம்ளர் அத்தனை சூடாக இல்லாமலும் போயிருக்கலாம்.

மாமல்லபுரத்தில் மூட்டைகள் காத்திருக்கின்றன. ஜெய்புன்னிசா டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரிங் இன்னும் அவள் விரலில் இருக்கிறது. முனீர் பழக்கத்தில் வலப்பக்கம் வந்து, அவளைப் பார்த்து, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவருகே நிற்கிறான். ஊர் பார்க்கிறது. அவன் கதவைத் தட்டவில்லை.

கை நீள்வதாக எழுதினேன். நீளாமல் கியரைப் போடுவதாகவும் எழுதினேன். இரண்டு முடிவும் அணையாமல் ஓடுகின்றன. அதனால் நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஏறி உட்காருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் வெளியே நிற்கிறான், உங்கள் விரலில் ரிங். அந்தக் கதவு உள்ளே இருந்துதான் திறக்கும்.