அட்மிரலின் சூரியன்

பல் டாக்டர் மகளுக்கு மாப்பிள்ளை தேடியிருந்தால்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். தேடியது ஒரு விளக்கு. வீட்டு வரவேற்பறை மேசைமேல் இருந்த சின்னக் கடல்நீர்த் தொட்டிக்கு, ஃபோனிலிருந்தே ஆட்டிவைக்கக்கூடிய எல்.இ.டி. விளக்கு. அதற்காக மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஊசி போட்ட நோயாளிக்கு ஈறு மரத்துப்போகும் இடைவெளியில், இவர் மூலையில் நின்று விளக்கு வீடியோ பார்ப்பார். எதில் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க எத்தனை நிறச் சேனல், எந்த நீலம் உசத்தி, எதில் மேகம் இயல்பாக நகர்கிறது, எதில் மின்னல் வெட்டுகிறது என்று எல்லாம் அத்துப்படி. தொட்டிக்குள் இருந்த ஜீவன்கள் மின்னல் வேண்டும் என்று ஒருநாளும் மனுப் போட்டதில்லை. ஆனாலும் மின்னல் இல்லாத விளக்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தொட்டியில் அப்படி என்னதான் இருந்தது? ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தைகள், ஒரு சுத்தியல் பவளம். பவளம் மனைவியுடையது. வேறு ஊருக்குப் போன தோழி ஒருத்தி உடைத்துக் கொடுத்த கட்டைவிரல் அளவுத் துண்டு, பழைய சாதாரண விளக்கின் கீழேயே உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. மனைவிக்கு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. நாள் முழுக்க அடுத்தவர் சண்டையை எழுதிவிட்டு வருகிறவள், கைப்பையைக்கூட இறக்காமல் தொட்டி முன் உட்கார்ந்துவிடுவாள். பவளம் சுத்தியல் முனை வைத்த கைகளை நீட்டித் தண்ணீரில் ஆட்டும். அந்த வீட்டில் எதிர்வாதம் செய்யாத ஒரே உயிர் அதுதான் என்பதால் அவளுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

"இதுவே நல்லாத்தானேங்க வளருது? எதுக்கு மாத்தணும்?"

"வளர்றது வேற, கலர் வர்றது வேற. உனக்குச் சொன்னாப் புரியாது."

அவருக்கு மட்டும் யார் புரியவைத்தார்கள் என்றால், ஃபோனில் ஒரு குழு. பவளம் வளர்ப்பவர்கள் குழு. அதன் தலைவரை எல்லோரும் அட்மிரல் என்பார்கள். பழைய கார் விற்பது தொழில். கடலோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அவர் வீட்டுத் தொட்டியில் ஆளே நீந்தலாம். அது போதாதா? அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் வேதவாக்கு.

விளக்கு வந்து இறங்கியதும், அட்மிரல் தன் தொட்டியின் ஒளி அமைப்பை, எந்நேரம் எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கை, அப்படியே ஃபோனில் அனுப்பிவைத்தார். ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் போதும், அவர் வீட்டுச் சூரியன் இங்கேயும் உதிக்கும். டாக்டர் தட்டினார். அட்மிரலின் தொட்டி இடுப்பளவு ஆழம். அந்த வெளிச்சம் அடியைத் தொடுவதற்குள் பாதி ஓய்ந்துவிடும். டாக்டரின் தொட்டி ஒன்றரைச் சாண். குறைவாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டவும் என்று விளக்கோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு அந்தத் தாள் முட்டுக்கொடுக்கப் போனது.

அன்றிலிருந்து வீட்டில் நீல வெளிச்சத்தின் ஆட்சி. பவளம் பச்சைப் பசேலென்று ஜொலிக்க வேண்டுமென்றால் வேறு வெளிச்சம் கூடாதாம். ஜன்னல் திரையை இழுத்து மூடினார். டியூப்லைட்டுக்குத் தடை போட்டார். தட்டில் இருப்பது பொரியலா துவையலா என்று தொட்டுப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

"பவளம் கையை முன்ன மாதிரி நீட்ட மாட்டேங்குதுங்க," என்றாள் மனைவி.

டாக்டருக்கும் உள்ளூர உறுத்தியது. அட்மிரலைக் கேட்டார். "கச்சிதமான வளர்ச்சி டாக்டர், அதுக்குப் பேரு! எத்தனை பேர் இதுக்குத் தவம் கிடக்கறாங்க தெரியுமா?" உறுத்தல் போய் டாக்டருக்குப் பெருமை வந்துவிட்டது.

அந்தப் பெருமையோடு படம் எடுத்துக் குழுவின் போட்டிக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. முதல் பரிசு! ஃபோன் முழுக்கக் கைதட்டல் படங்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஃபோனைப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் திரையைப் பிடித்தாள்.

"ஐயோ, திறக்காதே! கலர் போயிடும்!"

"திரையைத் திறந்தாப் போறது என்ன கலருங்க? பல் கட்ட வர்றவங்களை ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய், வெயில்ல பாத்தாத்தான் நிஜக் கலர் தெரியும்னு சொல்றவர்தானே நீங்க? இதை ஒரு தடவையாவது அப்படிப் பாத்தீங்களா?"

சடாரென்று இழுத்தாள். விளக்கையும் அணைத்தாள்.

பவளம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதன் உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்ணிய பாசிகளை, வெளிச்சம் தாங்காமல் அது வெளியே துப்பியிருந்தது. பட்டினி கிடந்த வெறும் உடம்புதான் நீலத்தில் பளபளத்திருக்கிறது. அதற்குத்தான் முதல் பரிசு. மனைவி திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டாக்டருக்கு.

ஃபோன் மட்டும் அடங்கவில்லை. ஜெயித்த ஒளி அமைப்பைக் கொடுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, "பவளம் வெளுத்துப் போச்சு. தயவு செஞ்சு யாரும் இந்த வெளிச்சத்தைப் போடாதீங்க" என்று எழுதிப் போட்டார்.

"ரகசியத்தைச் சொல்ல மனசில்லேன்னா நேரடியாச் சொல்லலாமே சார்" என்று ஒரு பதில் வந்தது. "ஜன்னல் வெளிச்சத்துல எவன் சார் பவளத்தைப் பாப்பான்?" என்று இன்னொன்று. கடைசியில் அட்மிரலே இறங்கி வந்தார். "ஒரு பரிசுக்கே இவ்வளவு தலைக்கனமா?" அதோடு டாக்டரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

டாக்டர் மேகத்தையும் மின்னலையும் அழித்தார். ஒவ்வொரு சேனலாக அடிமட்டத்துக்கு இறக்கினார். மனைவி தொட்டியின் கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழைச்சுக்குமாங்க?"

இத்தனை மாதமாக எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"தெரியலைம்மா," என்றார்.

"எதுக்கு மாத்தணும்னு கேட்ட அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமேங்க."