கரி மூட்டையில் விழுந்த கல்

வானத்திலிருந்து கரி போலக் கறுத்த ஒரு கல், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இஸ்திரிக்காரரின் கடைக் கூரையைப் பொத்துக்கொண்டு நேராகக் கரி மூட்டைக்குள் போய் உட்கார்ந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்து ஓட்டையைப் பார்த்துப் பூனையைத் திட்டிவிட்டு, மற்றக் கரியோடு அந்தக் கல்லையும் அள்ளி இஸ்திரிப் பெட்டியில் போட்டுப் பற்றவைத்தார்.

அது கனன்றதே தவிர சாம்பலாகவில்லை. சூட்டில் சாதுவாக இருந்து, ஆறியதும் வேலையைக் காட்டியது. ஒரே கூடையில் வந்து அந்தப் பெட்டியால் தேய்க்கப்பட்ட துணிகள், உடுத்திய ஆட்களோடு சேர்த்து ஒன்றையொன்று இழுத்தன. தபால் அதிகாரியும் அவர் மாமியாரும் தோளோடு தோள் ஒட்டி நடந்து, வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்து, எட்டு வருடச் சண்டையை மூன்றே நாளில் தீர்த்துக்கொண்டார்கள். அலசினால் இழுப்பு போய்விடும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டதால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. சண்டை போட வேண்டியவர்கள் முதல் நாளே துவைத்துக்கொண்டார்கள்.

இஸ்திரிக்காரருக்கு மட்டும் ஒட்ட ஆள் இல்லை. மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகியிருந்தது. "ஊருக்கெல்லாம் தேய்க்கறீங்க, பன்னெண்டு வருஷத்துல எனக்கு ஒரு சேலை தேய்ச்சிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, கசங்கிய சேலையோடு பஸ் ஏறியவள். அவரும் அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வீட்டுத் துணிதானே" என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

ஆராய்ச்சிக்கூடத்து அம்மா ஒருத்தி வந்து, "இந்தக் கல்லும் கரிதாங்க, கரி காந்தமாகாது. உள்ள இரும்பு கலந்திருக்கும்" என்று அதில் ஒரு துண்டை எடுத்துப் போனாள். அமிலத்தில் ஊறவைத்து இரும்பையெல்லாம் நீக்கிய பிறகும் அது இழுத்தது. "கரியேதான் இழுக்குது" என்று வந்து சொல்லி, ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கல் முழுவதையும் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அன்று மாலை இஸ்திரிக்காரர் தன் சட்டையையும், மனைவி விட்டுப்போன நீலச் சேலையையும் ஒரே கூடையில் போட்டு எடுத்து, ஓரம் ஓரமாக நீவித் தேய்த்தார். சேலையில் வழக்கமான துண்டுச்சீட்டைக் குத்தி எழுதினார்: 'உடுத்தினால் இழுக்கும். அலசினால் போய்விடும். உன் இஷ்டம்.' பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் கல் போய்விட்டது. சட்டை மட்டும் இரண்டு நாள் அவரைக் கிழக்குப் பக்கம், மச்சான் ஊர்ப் பக்கம் சாய்த்தது. கோணலாக நின்றே தேய்த்தார். மூன்றாம் நாள் காலை இழுப்பு சட்டென்று நின்றது. அலசிவிட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தபால் அதிகாரியின் கால்சட்டையில் இரண்டு மடிப்பு விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் மதிய பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கட்டியிருந்தது அதே நீலச் சேலைதான். அலசிக் காயப்போட்டதில் ஏகத்துக்கும் கசங்கியிருந்தது.

"இது இழுத்து வந்தேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க, அதான் அலசிட்டேன்" என்று பையைக் கீழே வைத்தாள். "மாத்திட்டு வரேன், திரும்பத் தேய்ச்சுக் குடுங்க."

சாதாரணக் கரியில்தான் தேய்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் கடைக்குள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும், அவர் தேய்த்தபடியே அந்தப் பக்கம் அரை அடி வழுக்கிப் போகிறார். அதற்காகவே மேசையை இன்னும் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டார்கள்.